நத்தைகளின் குடும்பம் அறிவோம்

மழை பெய்து ஓய்ந்த இரவில் கைவிளக்குடன் வீட்டுத் தோட்டத்திற்குள் நடந்து பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வாழைத் தண்டின் மீதும், பப்பாளிக் கன்றின் அடியிலும், சுவரின் சுண்ணாம்புப் பூச்சிலும் கைப்பிடி அளவு நத்தைகள் மெல்ல ஊர்ந்து கொண்டிருக்கும். பொழுது விடிந்து பார்த்தால் முதல் நாள் தளதளவென்று நின்ற கீரைப் பாத்தி வெறும் காம்புகளாய் நிற்கும். சினங்கொண்ட நாம் உப்புப் பொட்டலத்தை எடுத்து வந்து, கண்ணிற்படும் நத்தைகள் அனைத்தின் மீதும் கொட்டுகிறோம். “எல்லாம் நத்தைதானே!” என்று காரணமும் கூறிக்கொள்கிறோம்.

எல்லாம் நத்தைதானா? இவ்வினாவை என்னுள் முதன்முதலில் எழுப்பியவள் ஒரு சிறுமி.

ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றிய காலம் அது. பள்ளியின் காய்கறித் தோட்டத்தில் நத்தைத் தொல்லை மிகுந்துவிட்டது. கோத்தோங் ரோயோங் நாளொன்றில் மாணவர்களிடம் வாளிகளைக் கொடுத்து, “கண்ணிற்படும் நத்தைகளை எல்லாம் பொறுக்கி வாருங்கள்” என்றேன். அரை மணி நேரத்தில் இரண்டு வாளிகள் நிறைந்தன. உப்பு நீரை ஊற்றப் போகும் வேளையில், நான்காம் ஆண்டில் படித்த மாணவி ஒருத்தி வாளிக்குள் கைவிட்டுத் தட்டையான சிறு நத்தை ஒன்றை எடுத்துக் காட்டினாள். “ஐயா, இத கொல்லாதீங்க. இது இருட்டுல மினுக்கும்னு எங்க பாட்டி சொல்லியிருக்காங்க” என்றாள். நான் சிரித்துவிட்டு, “எல்லாம் நத்தைதான் அம்மா” என்று சொல்லி, அதையும் வாளியில் போடச் செய்து நீரை ஊற்றினேன்.

பல ஆண்டுகள் கழித்து உயிரியல் நூல்களைப் புரட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. அச்சிறுமி சொன்னதே சரி. ஆசிரியராகிய நான் சொன்னது பிழை. அன்று நான் செய்த பிழைகள் இரண்டு. பகையையும் பகையல்லாததையும் பிரித்தறியாமல் ஒன்றாகக் கொன்றது ஒன்று. குழந்தைகளை வெறுங்கையால் நத்தைகளைப் பொறுக்கச் செய்தது மற்றொன்று. அது முன்னதினும் பெரிய பிழை. இவ்விரண்டும் நம் வாசகர்களின் இல்லங்களில் நேராதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகைப்பாடு என்பது யாது?

உயிர்களை இனம் பிரித்து வைப்பதை வகைப்பாடு என்பர். அஃது அறிஞர்களின் ஏட்டில் மட்டும் இருக்கும் பொருளன்று. நாம் நாள்தோறும் எழுதும் முகவரியைப் போன்றதே. உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறோம். முதலில் நாடு, அதனுள் மாநிலம், அதனுள் மாவட்டம், அதனுள் தோட்டம், தோட்டத்துள் ஒரு பிரிவு, பிரிவுக்குள் ஒரு லயம், லயத்துள் ஒரு வீடு என்று படிப்படியாகக் குறுகி வந்து, கடிதம் உரியவர் கையைச் சேருகிறது. உயிர்களுக்கும் அவ்வாறே உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்னும் ஏழு படிகள் உண்டு.

நம் கீரையைத் தின்ற பெருநத்தையின் முகவரியை எழுதிப் பார்ப்போம். அது விலங்குலகைச் சேர்ந்தது. எலும்பற்ற மென்மையான உடல் கொண்டதாதலின் மெல்லுடலிகள் தொகுதி. சிப்பியும் கணவாயும் இத்தொகுதியினவே. வயிற்றையே காலாகக் கொண்டு ஊர்வதால் வயிற்றுக்காலிகள் வகுப்பு. நீண்டு சுருங்கும் தண்டின் நுனியில் கண் அமைந்திருப்பதால் ஸ்டைலோமாட்டோஃபோரா என்னும் வரிசை. குடும்பம் அக்காடினிடே. பேரினம் லிஸ்ஸாக்காடினா. சிற்றினம் ஃபுலிக்கா. நம்மவர் இதனை ஆப்பிரிக்க நத்தை என்பர். மலாய் மொழியில் இதற்குச் ‘சிப்புட் பாபி’ என்று பெயர்.

முகவரியில் ஒரு படி தவறினாலும் கடிதம் வேறு வீட்டிற்குப் போய்விடும். உயிர்களின் முகவரியில் தவறினால் என்ன நேரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

அக்காடினிடே குடும்பம்

இக்குடும்பத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. சஹாராப் பாலைவனத்திற்குத் தெற்கே, வெப்பமும் மழையும் மிக்க நிலங்களில் ஏறக்குறைய 200 வகைப் பெருநத்தைகள் வாழ்கின்றன. உலகின் மிகப் பெரிய நிலநத்தைகள் இவற்றுள் அடங்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள அக்காடினா அக்காடினா என்னும் நத்தையே அனைத்திலும் பெரியது. சியரா லியோன் நாட்டில் 1976ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட ஒன்று, உடலை முழுதும் நீட்டியபோது 39.3 சென்டிமீட்டர் நீளம் இருந்தது. அதன் எடை 900 கிராம்.

இந்நத்தைக்கு முகவரி எழுதிய வரலாறு சுவையானது. 1758இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு முதன்முதலில் அறிவியற் பெயர் சூட்டினார். நத்தைகளை அவற்றின் ஓட்டை முதன்மையாகக் கொண்டே பிரித்த காலம் அது. அவர் இதனை ‘புல்லா’ என்னும் பேரினத்தில் வைத்தார். அப்பெயரோ இன்று கடலில் வாழும் குமிழி நத்தைகளுக்கு உரியது! மரத்தடியில் வாழும் ஓர் உயிருக்குக் கடலில் வாழும் உயிரின் முகவரி கிடைத்தது. 1799இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் அதனைப் பிரித்தெடுத்து ‘அக்காடினா’ என்னும் தனிப் பேரினத்தை அமைத்தார். வரிவரியான நிறங்கொண்ட அகேட் என்னும் மணிக்கல்லின் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஓட்டிலுள்ள பழுப்பு வரிகளை உற்று நோக்குவோர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். 1840இல் சுவெயின்சன் என்னும் ஆங்கில அறிஞர் அக்காடினிடே என்ற குடும்பத்தை வகுத்தார்.

பழைய நூல்கள் நம் தோட்டத்துப் பெருநத்தையை அக்காடினா ஃபுலிக்கா என்று எழுதின. புதிய நூல்கள் லிஸ்ஸாக்காடினா ஃபுலிக்கா என்று எழுதுகின்றன. இரண்டும் ஒன்றே. பெக்வார்ட் என்னும் அறிஞர் 1950இல் ஆப்பிரிக்க நத்தைகளைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதி, கிழக்கு ஆப்பிரிக்க வகைகளை ஒரு தனிப் பிரிவாக்கினார். பின்வந்த ஆய்வாளர் அப்பிரிவையே பேரினமாக உயர்த்தினர். தோட்டத்தில் ஒரு பிரிவு பெருகித் தனித் தோட்டமாவதைப் போன்றது இது.

அண்மையில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. நம் பூந்தொட்டிகளைத் தூக்கினால் அடியில் ஊசிபோன்ற மெல்லிய வெண்ணிற நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நீளம் ஒன்று அல்லது ஒன்றரைச் சென்டிமீட்டரே. இவற்றை நெடுங்காலம் சுபுலினிடே என்னும் தனிக்குடும்பமாக வைத்திருந்தனர். 2017இல் வெளியான மரபணு ஆய்வு, இவை அக்காடினிடே குடும்பத்தின் கிளைகளே என்று காட்டியது. கைப்பிடி அளவுப் பெருநத்தையும் ஊசிமுனைச் சிறுநத்தையும் நெருங்கிய உறவினர் என்பதை ஓட்டின் அளவைக் கண்டு யார்தான் சொல்லியிருக்க முடியும்? உருவம் மட்டும் உறவைக் காட்டாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

நம் நாட்டுக்கு வந்த வழி

நத்தை ஓர் இரவில் ஊரும் தொலைவு சில மீட்டர்களே. அவ்வாறிருக்க, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து அது எவ்வாறு வந்தது? மனிதனே கொண்டு வந்தான். மடகாஸ்கர், மொரீஷியஸ் தீவுகளை முதலில் அடைந்தது. 1847இல் பென்சன் என்னும் நத்தை ஆய்வாளர் மொரீஷியஸிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து ஒரு தோட்டத்தில் விட்டார். 1900இல் இலங்கையில் விடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் காலூன்றியது. 1930களின் தொடக்கத்தில் உணவுக்கென்று சிங்கப்பூரிலிருந்து தைவானுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1936இல் ஹவாய்த் தீவுகளை எட்டியது. ஆய்வுக்கென்றும், உணவுக்கென்றும், மருந்துக்கென்றும், அழகுக்கென்றும் எடுத்துச் சென்றவர் பலர். விளைவை எண்ணிப் பார்த்தவர் சிலர்.

விளைவு பெரிதாவதற்குக் காரணம் அதன் இனப்பெருக்க ஆற்றல். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக அமைந்தது. ஆகவே இரண்டு கூடினால் இரண்டும் முட்டையிடலாம். ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டைகள் வரை மண்ணுக்குள் இடும். ஓராண்டில் பல தடவை இடும். ஒரு முறை கூடிய பின், பல மாதங்கள் வரை மீண்டும் கூடாமலே முட்டையிடவும் வல்லது. ஐந்தாறு ஆண்டுகள் உயிர் வாழும். வறட்சி வந்தால் ஓட்டின் வாயை மெல்லிய சவ்வினால் அடைத்துக்கொண்டு மழை வரும்வரை உறங்கும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1966இல் ஹவாயிலிருந்து திரும்பிய சிறுவன் ஒருவன் விளையாட்டாக மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். அவை வீட்டுத் தோட்டத்தில் விடப்பட்டன. ஏழு ஆண்டுகளில் 18,000க்கும் மேற்பட்ட நத்தைகள் அப்பகுதியில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை அறவே ஒழிக்கப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று. அவ்வாறு ஒழித்த பின்னும் 2011இல் மீண்டும் தோன்றிற்று. அதை ஒழிக்கப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

இந்நத்தை 500க்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தின்னும் என்று கணக்கிட்டுள்ளனர். கீரை, வெள்ளரி, பப்பாளி, வாழை ஆகியவற்றோடு நாற்றங்காலில் உள்ள இளங்கன்றுகளின் தளிரையும், தோட்டங்களில் மண்ணைக் காக்க வளர்க்கும் மூடுபயிர்களையும் இது விடுவதில்லை. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்துத் தேவையாதலின் வீட்டுச் சுவரையும் சுரண்டும். உலகின் மிகக் கொடிய 100 அயல் உயிரினங்கள் என இயற்கைப் பாதுகாப்பு அறிஞர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில் இதற்கும் இடமுண்டு.

குடும்பம் அறியாததால் நேர்ந்த கேடு

இனி, முகவரி தவறினால் என்ன நேரும் என்பதைக் காண்போம். ஹவாய் மக்கள் பெருநத்தையின் தொல்லையைத் தாங்க மாட்டாமல் ஒரு வழி தேடினர். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் ஓநாய் நத்தை என்று ஒன்று உண்டு. அது செடியைத் தின்னாது; மற்ற நத்தைகளின் பசைத்தடத்தைப் பின்தொடர்ந்து சென்று அவற்றையே தின்னும். முள்ளை முள்ளால் எடுப்போம் என்று கருதி 1955இல் அதனை ஹவாயில் கொண்டுவந்து விட்டனர்.

ஹவாயின் ஓவாஹு தீவில் அக்காடினெல்லா என்னும் மரநத்தைகள் இருந்தன. ‘சிறிய அக்காடினா’ என்பது அப்பெயரின் பொருள். பெயரில் ஒற்றுமை இருப்பினும் இவை அக்காடினிடே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அக்காடினெல்லிடே என்னும் வேறு குடும்பத்தினவாகும். பெருநத்தை ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். அக்காடினெல்லாவோ ஒரு நேரத்தில் ஒரு குட்டியை மட்டுமே ஈனும். அது முதிர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும். பெருநத்தை பயிரைத் தின்னும். அக்காடினெல்லா இலையின் மேற்பரப்பிலுள்ள பூஞ்சையை மட்டும் நக்கித் தின்று, மரத்திற்குத் தீங்கு செய்யாமல் வாழும்.

ஓநாய் நத்தை பெரிய ஓட்டோடு போராடுவதைக் காட்டிலும் சிறியவற்றைத் தின்பதையே எளிதாகக் கண்டது. பெருநத்தை பிழைத்துக்கொண்டது, மண்ணுக்குரிய மரநத்தை மடிந்தது. எலிகளும், ஓடுகளுக்காக அவற்றைத் திரட்டிய மனிதரும், காடழிப்பும் அவ்வழிவில் பங்கு கொண்டன. 1981இல் அப்பேரினத்தின் 41 வகைகளும் அழியும் நிலையில் உள்ளவை என்று அறிவிக்கப்பட்டன. அவற்றுட் பல அதற்கு முன்பே அழிந்திருந்தன. அவற்றுள் ஒரு வகையின் கடைசி நத்தை ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் துணையின்றித் தனித்து வாழ்ந்து, 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இறந்தது. அதனோடு அவ்வகை உலகிலிருந்தே மறைந்தது.

தாஹித்தி, மூரியா தீவுகளிலும் இதே கதை நிகழ்ந்தது. 1977இல் மூரியாவில் ஓநாய் நத்தை விடப்பட்டது. பத்தே ஆண்டுகளில் அத்தீவின் காடுகளில் பார்த்துலா என்னும் மரநத்தையின் ஏழு வகைகளும் அற்றுப்போயின. விலங்குக் காட்சிச் சாலைகளில் காப்பாற்றி வளர்க்கப்பட்ட சிலவற்றை 2015 முதல் மீண்டும் அத்தீவுகளில் விட்டு வருகின்றனர். “எல்லாம் நத்தைதானே” என்று எண்ணியதற்கு அத்தீவுகள் தந்த விலை இது.

நம் மண்ணின் நத்தைகள்

நம் தோட்டப்புறத்தில் காணும் நத்தைகளைச் சற்றே பிரித்தறிந்துகொள்வோம்.

பெருநத்தையின் ஓடு கூம்பு வடிவானது. முனை கூர்மையாக உயர்ந்து நிற்கும். பழுப்பு நிறத்தில் நெடுக்கு வரிகள் இருக்கும். ஓட்டின் வாயை நோக்கினால், நடுத்தூண் கீழ்ப்புறத்தில் வெட்டி நிறுத்தியது போலத் திடீரென முடிந்திருக்கும். இது முக்கிய அடையாளம். வாயை மூடும் கெட்டியான மூடி இதற்கு இல்லை. சிறு குஞ்சாக இருக்கும்போதே கூம்பு வடிவும் வரிகளும் புலப்படும்.

அச்சிறுமி காட்டிய நத்தையோ தட்டையானது. நாணயத்தைப் போன்று அகன்று, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் இருக்கும். இதன் பெயர் குவான்டுலா ஸ்ட்ரியாட்டா, குடும்பம் டியாக்கிடே. இது நம் தீபகற்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் சொந்தமான நத்தை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூரில் இருந்த ஹனேடா என்னும் ஜப்பானிய அறிஞர், இது இருட்டில் மஞ்சள் கலந்த பச்சை ஒளியை விட்டுவிட்டு வீசுவதைக் கண்டறிந்தார். வாய்க்கு அடியில் உள்ள சிறு உறுப்பிலிருந்து அவ்வொளி வருகிறது. இளம் நத்தைகளில் அது நன்கு தெரியும்; முதிர்ந்தவற்றில் குன்றும். ஒளிவீசும் நிலநத்தை உலகிலேயே இது ஒன்றுதான் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2023இல்தான் தாய்லாந்தில் மேலும் சில வகைகள் ஒளிவீசுவதாக அறிவிக்கப்பட்டது. உலக அறிஞர் வியந்து போற்றும் ஓர் உயிரைத்தான் நான் உப்பு நீரில் போட்டேன்!

இன்னொன்று மரத்தில் வாழும் அம்ஃபிட்ரோமஸ். பெரும்பாலான நத்தைகளின் ஓடு வலப்புறமாகவே சுருளும். இப்பேரினத்தின் சில வகைகளிலோ, ஒரே கூட்டத்தில் வலப்புறம் சுருண்டவையும் இடப்புறம் சுருண்டவையும் கலந்து வாழ்கின்றன. திரங்கானுக் கரைக்கு அப்பால் உள்ள காப்பாஸ் தீவில் இதனை அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

மூன்றாவது நீர்நத்தை. “மூலத்திற்கு நத்தைக் கறி நல்லது” என்று நம் பெரியோர் சிலர் கூறுவதைக் கேட்டிருப்போம். தமிழகத்தில் அவர்கள் குறித்தது வயலிலும் குளத்திலும் வாழும் நத்தையை. அதன் குடும்பம் ஆம்புல்லாரிடே. ஓட்டின் வாயை அடைக்கும் கெட்டியான மூடி அதற்கு உண்டு. அதே பெயரை நம்பிக் காய்கறித் தோட்டத்துப் பெருநத்தையைக் குழம்பு வைக்கப் புறப்படுவது, ஒருவர் மருந்தை மற்றவர் குடிப்பது போன்றதாகும். எந்த நத்தையாயினும் அரைவேக்காடாக உண்பது ஆபத்து. அதன் காரணத்தை அடுத்துக் கூறுவோம்.

நத்தையும் மூளை நோயும்

எலியின் நுரையீரல் இரத்தக் குழாய்களில் வாழும் நூல்போன்ற புழு ஒன்று உண்டு. சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் கண்டறியப்பட்டு 1935இல் அறிவிக்கப்பட்டதால், கான்டன் நகரின் பெயரே அதன் அறிவியற் பெயரில் இடம்பெற்றது. நாம் அதனை எலி நுரையீரற்புழு என்போம்.

அதன் வாழ்க்கை எலிக்கும் நத்தைக்கும் இடையே சுழல்கிறது. எலியின் எச்சத்தோடு இளம்புழுக்கள் வெளியேறுகின்றன. எச்சம் கலந்ததைத் தின்னும் நத்தையின் உடலுக்குள் அவை புகுந்து வளர்கின்றன. அந்நத்தையை எலி தின்றால் புழு மீண்டும் எலியைச் சேர்கிறது. இடையில் மனிதன் குறுக்கிட்டால்தான் கேடு. வேகாத நத்தையை உண்பதாலோ, சிறு நத்தையோ அட்டைபோன்ற ஓடில்லா நத்தையோ ஒட்டியிருக்கும் பச்சைக் காய்கறியைக் கழுவாமல் உண்பதாலோ இளம்புழு மனித உடலுக்குள் சென்று மூளையை அடைகிறது. கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி ஆகியவை தோன்றும். பெரும்பாலோர் நலம் பெறுவர். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். மனிதருக்கு இந்நோய் வந்ததை 1944இல் தைவானில் முதன்முதலில் கண்டனர்.

இங்கும் வகைப்பாடு குறுக்கிட்டது. மலேசிய எலிகளில் கண்ட புழுவைக் கான்டன் புழு என்றே முதலில் எண்ணினர். நுணுகி ஆராய்ந்ததில் அது வேறு சிற்றினம் எனத் தெளிந்தது. 1971இல் அதற்கு மலேசியாவின் பெயரே சூட்டப்பட்டது.

ஒன்றை வாசகர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். ஒளிவீசும் நத்தை நமக்குப் பகையன்று என்றோம்; எனினும் அதன் உடலிலும் இப்புழு இருக்கலாம். பூந்தொட்டியின் ஊசி நத்தையிலும் இருக்கலாம். ஆகவே கொல்லத்தக்கது எது என்று பார்ப்பதற்குக் குடும்பத்தைப் பிரித்தறிக. தொடுவதில் மட்டும் எல்லா நத்தைகளிடமும் ஒன்றுபோலவே எச்சரிக்கையாக இருந்திடுக.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. குழந்தைகளை வெறுங்கையால் நத்தைகளைத் தொடவோ, அவற்றை வைத்து விளையாடவோ விடலாகாது. தொட்டுவிட்டால் சவர்க்காரமிட்டுக் கை கழுவச் செய்க. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் தவழும் குழந்தைகளிடம் தனிக் கவனம் வேண்டும்.

2. கீரையையும் காய்கறியையும் இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் கழுவுக. கழுவுவதால் நத்தை நீங்கும். நன்கு வேகவைப்பதால்தான் புழு மடியும். பச்சையாக உண்ணும் உல்லாம் போன்றவற்றிற்கு இருமடங்கு கவனம் செலுத்துக.

3. குடிநீர்க் கலங்களை மூடி வைக்க. எலி பெருகாதவாறு குப்பையை அகற்றுக. எலி இல்லையேல் இப்புழுவிற்கு வாழ்வில்லை.

4. பெருநத்தைகளை அந்தி சாய்ந்த பிறகோ விடியற்காலையிலோ பொறுக்குக. கையுறை அணிக; இல்லையேல் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்க. பொறுக்கியவற்றை வாளியில் கொதிநீர் ஊற்றிக் கொன்று ஆழக் குழி தோண்டிப் புதைக்க. காலால் நசுக்கி அப்படியே விட்டுவிடுதல் கூடாது. பாத்தியில் உப்பைத் தூவினால் நத்தையோடு மண்ணும் கெடும்.

5. மண்ணைக் கிளறும்போது மஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் சிறு மணிகள் போன்ற முட்டைக் குவியல்கள் தென்பட்டால் அவற்றையும் அவ்வாறே அழித்திடுக. முட்டைக் குவியல் ஒன்றை அழிப்பது நூறு நத்தைகளை அழிப்பதற்கு நிகராகும்.

6. கடையில் விற்கும் நத்தை மருந்து வில்லைகள் நாய்க்கும் கோழிக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சாகும். வேறு வழியில்லாதபோது மட்டும், உறையில் எழுதியுள்ளவாறு பயன்படுத்துக. எட்டாத இடத்தில் பூட்டி வைக்க.

7. செடி, தொட்டி, மண் ஆகியவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லுமுன் நத்தையோ முட்டையோ ஒட்டியிருக்கிறதா என்று நோக்குக. தோட்டத்தை விட்டு நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு மாறும் குடும்பங்கள், ஆசையோடு எடுத்துச் செல்லும் கறிவேப்பிலைக் கன்றோடு நத்தையையும் எடுத்துச் சென்றுவிடக் கூடாது.

8. நத்தையை உண்ட பின்னரோ, கழுவாத பச்சைக் காய்கறியை உண்ட பின்னரோ சில வாரங்களுக்குள் தாங்கொணாத் தலைவலியும் கழுத்து விறைப்பும் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. உண்டதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுக. அச்செய்தியே அவருக்கு நோயின் முகவரியாகும்.

மாணவர்க்குச் சில வினாக்கள்

பெற்றோர் தம் பிள்ளைகளிடம் இவற்றைக் கேட்டு விடை பெறலாம்.

1. உயிர்களின் வகைப்பாட்டில் உள்ள ஏழு படிகள் யாவை?
2. லின்னேயஸ் பெருநத்தையை எப்பேரினத்தில் வைத்தார்? அது ஏன் பொருந்தவில்லை?
3. அக்காடினாவும் அக்காடினெல்லாவும் ஒரே குடும்பமா? இரண்டின் வாழ்க்கை முறையிலும் உள்ள வேறுபாடுகள் இரண்டைக் கூறுக.
4. பெருநத்தையையும் ஒளிவீசும் நத்தையையும் ஓட்டைக் கொண்டு எவ்வாறு பிரித்தறியலாம்?
5. எலி, நத்தை, மனிதன் ஆகிய மூவருக்கும் இடையே நுரையீரற்புழு செல்லும் வழியை வரைந்து காட்டுக.

அடுத்த மழை இரவில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தோட்டத்தின் ஓரத்திற்குச் செல்லுங்கள். கைவிளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்திருங்கள். கண் இருளுக்குப் பழகியதும் புல்லிடையே பச்சை ஒளியொன்று மினுக்கினாலும் மினுக்கலாம். அதனைத் தொட வேண்டா, கொல்லவும் வேண்டா. நின்று பார்த்துவிட்டு வாருங்கள். என் மாணவியிடம் அன்று நான் சொல்லத் தவறிய விடை அதுவே.